முப்பத்துமூன்றாவது கை

பெப்ரவரி எட்டாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, பின்னேரம் நான்கு மணி பன்னிரண்டு நிமிடம். வெளியே சுழியத்துக்குக் கீழே ஆறு பாகை, வடமேற்குக் காற்று, பொடிப்பனி. பனியின் உயரத்தை மட்டும் நான் அளக்காமல் விட்டுவிட்டேன். அந்தக் குறை இன்றுவரை மனதில் கிடக்கிறது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. டென்மார்க்கின் பிராண்டேயில் எங்கள் தமிழ்ச் சபை, டேனிஷ் தேவாலயத்தை ஒட்டிய மண்டபத்தை ஞாயிறு பின்னேரங்களில் வாடகைக்கு எடுத்து ஆராதனை நடத்தியது. பாஸ்டர் என் சித்தப்பா. நிர்வாகக் குழுத் தலைவர் பெரியப்பா. அப்பா இருவருக்கும் நடுவில் பிறந்தவர். எந்தச் சண்டையிலும் அந்த இடத்தை விட்டு அசையாதவர்.

தை மாதத்தில் ஒருநாள் சித்தப்பா சபையின் முன் நின்று, தான் ஆண்களை விரும்புகிறவர் என்றும், கோடையில் ஒரு டேனிஷ் ஆசிரியரைத் திருமணம் செய்யப்போவதாகவும், தொடர்ந்து பாஸ்டராகவே இருக்க விரும்புவதாகவும் சொன்னார். மூன்றே விஷயங்கள். அன்று அம்மாவின் தொலைபேசி பத்தொன்பது தடவை அடித்தது.

குழு அவரை நீக்கப் பார்த்தது. சித்தப்பா ஒன்றே ஒன்று கேட்டார். ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் வாசலில் நின்று எல்லோருக்கும் கைகொடுப்பது டேனிஷ்காரர் வழக்கம். எங்கள் சபையும் அதைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"எட்டாம் திகதி வழக்கம்போல வாசல்ல நிப்பன், அண்ணை. பெரியாக்களில பாதிக்கு மேல கை குடுத்தால் இருக்கிறன். இல்லாட்டி அண்டைக்கே சாவியைத் தந்திட்டுப் போறன்."

பெரியப்பா சம்மதித்தார். எண்ணும் வேலை எனக்கு வந்தது. செபத்தின்போது கூரைப் பலகைகளை எண்ணுகிற பிள்ளை என்று இரண்டு பக்கத்துக்கும் தெரியும். கூட்டியோ குறைத்தோ சொல்லமாட்டேன் என்றும் தெரியும். பெரியவர்கள் அறுபத்துநான்கு பேர். முப்பத்துமூன்று கைகள் வேண்டும்.

அன்றைய பிரசங்கம் பதினொரு நிமிடம். அதில் ஒரு பகுதி மட்டும் நினைவில் நிற்கிறது. "பதினாறு வருசம், இந்த ஒண்டை மட்டும் என்னட்டையிருந்து எடுத்துவிடும் ஆண்டவரே எண்டு முழங்காலில நிண்டனான். மற்றதெல்லாத்துக்கும் பதில் தந்தவர், இதுக்கு மட்டும் பேசாமல் இருந்தார். எடுக்கிறதுக்கு அங்க பிழை ஒண்டும் இருக்கேல்லை எண்டு பிறகுதான் எனக்கு விளங்கிச்சுது."

ஆமென் சொன்ன கையோடு பெரியப்பா எழுந்து குசினிப் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டார். கைகொடுக்க மனமில்லாதவர்கள் சங்கடப்படாமல் அந்த வழியால் போகலாமாம். நான்கு கூட்டங்கள் போட்டுத் தீட்டிய திட்டம். ஆனால், டென்மார்க்கில் இத்தனை வருடம் இருந்தவர்கள் ஒன்றை மறந்துவிட்டார்கள். எல்லோருடைய கோட்டுகளும் முன்வாசலில், சித்தப்பாவின் முதுகுக்குப் பின்னால், கொக்கிகளில் தொங்கின.

பெரியப்பாவோடு ஐந்து பேர் வெளியே இறங்கினார்கள். ஒரு நிமிடத்துக்குள் ஐவரும் உள்ளே வந்துவிட்டார்கள். பெரியப்பா வரவில்லை. அவருடைய கார்ச் சாவியும் தொலைபேசியும் கோட்டுப் பைக்குள். ரோசம் அவரோடு வெளியே.

சித்தப்பாவுக்கு ஒவ்வொருவருடைய கோட்டும் தெரியும். எடுத்து, விரித்துப் பிடித்து, போட்டுவிட்டு, கையை நீட்டினார். அம்மா முதலாவது. அப்பா நான்காவதாக, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் கொடுத்தார். சிலர் கோட்டை வாங்கிக்கொண்டு குனிந்தபடி போனார்கள். நான் கொப்பியில் கோடு கீறிக்கொண்டிருந்தேன்.

பெரியம்மா முப்பத்தொன்றாவது. "கலியாணத்துக்கு ஆர் சமைக்கிறது? டேனிஷ்காரரை விட்டால் உருளைக்கிழங்கு அவிச்சு வைச்சிடுவினம்," என்று சித்தப்பாவின் கையைப் பிடித்து உலுக்கினார். பின்னால் வந்தவர், "மச்சாள், கையைக் கழட்டிக்கொண்டு போகாதையுங்கோ, எனக்கும் வேணும்," என்றார். முப்பத்திரண்டு.

அதன்பின் வந்த ஒன்பது பேர் ஒருவர்பின் ஒருவராகக் குனிந்துகொண்டு போனார்கள். கொக்கியில் ஒரு கோட்டுதான் மிச்சம்.

முன்கதவு திறந்தது. மீசையில் பனியோடு பெரியப்பா. பதினேழு நிமிடம் வெளியே நின்றிருந்தார். சித்தப்பா கோட்டைப் போட்டுவிட்டார். விறைத்த விரல்களால் பெரியப்பாவுக்குக் கோட்டின் ஸிப்பை இழுக்க முடியவில்லை. சித்தப்பா அந்தக் கைகளைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துத் தேய்த்தார்.

"முப்பத்திமூண்டு!" என்று யாரோ கத்தினார்கள்.

"அது சூடு காட்டினது! கை குடுத்ததில்லை!" என்றார் குழுவின் செயலாளர்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குச் சித்தப்பாவை நிறையப் பிடிக்கும். "பெரியப்பா தானாக நீட்டேல்லை," என்றேன். "எண்ணேலாது."

சித்தப்பா தலையாட்டினார். சட்டைப் பையிலிருந்து மண்டபச் சாவியை எடுத்தார்.

பெரியப்பா என் பக்கம் திரும்பினார். "இப்ப எத்தினை?"

"முப்பத்திரண்டு."

கொப்பியை வாங்கிக் கோடுகளைத் தானே ஒருமுறை எண்ணினார். பிறகு சித்தப்பாவின் முன்னால் போய் நின்று வலது கையை நீட்டினார். "சாவியை உள்ள வை," என்றார். என்னிடம், "இப்ப எண்ணடா."

மண்டபம் அதிர்ந்தது. கோட்டோடு நின்றவர்கள் கோட்டோடே கைதட்டிப் பாடினார்கள். குனிந்துகொண்டு போனவர்களில் இரண்டு பேர் கார்த் தரிப்பிடத்திலிருந்து திரும்பி வந்து எட்டிப் பார்த்தார்கள். சித்தப்பா அடுத்த ஞாயிறும் அங்கேதான் பிரசங்கித்தார். அதற்குப் பிறகு இருபத்தொரு வருடம்.

என் கணக்கு பிசகாமல் இருந்ததால்தான் அவர் வென்றார் என்று நான் வெகுகாலம் நம்பினேன். பெரியப்பா கையை நீட்டுமுன் ஏன் எண்ணிக்கையைக் கேட்டார் என்று யோசிக்கவே இல்லை. அந்த வருட நத்தார் பண்டிகைக்கு அவர் நான்கு நாளில் மூன்று தடவை எங்கள் வீட்டுக்கு வந்து பதினேழு ரோல்ஸ் சாப்பிட்டார். "இவருக்குப் போக வேற வீடில்லையோ?" என்று அம்மாவிடம் முறைப்பட்டேன். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பதினெட்டாவதை அவருடைய தட்டில் வைத்தார்.

வளர்ந்த பிறகுதான் கூட்டிப் பார்த்தேன். அதுவரை ஒவ்வொரு நத்தாருக்கும் அவரைக் கூப்பிட்டு, அந்தக் கைகொடுப்புக்குப் பிறகு நிறுத்திக்கொண்டவர்கள்: ஓல்போர்க்கில் மூன்று, கிரின்ஸ்டெட்டில் இரண்டு, எங்கள் தெருவிலேயே இரண்டு. மொத்தம் ஏழு வீடுகள்.