ரைட்டர் ஆட்டிப் பார்த்த புளோட்டு

என் மெக்கானிக் ஷெட்டில் அன்று இருந்தவர்கள்: நான். நாகலூர் பக்கத்துக் காபி எஸ்டேட்டில் ஆள் கணக்கு எழுதும் ரைட்டர். அந்த எஸ்டேட் பிக்கப்பை ஓட்டும் டிரைவர், ரைட்டருக்கு மச்சினன். எனக்குச் சோறு கொண்டுவந்த என் மனைவி. வேறு யாரும் இல்லை.

அந்தப் பிக்கப்பை அதற்கு முன் ஒன்பது வருடம் ஓட்டியவன் நான்.

என்னை வேலையிலிருந்து நிறுத்தியது ரைட்டர். ஏற்காடு பங்கில் இருபது லிட்டர் பெட்ரோல் போட்டு வருவேன். வண்டி மீட்டரில் முள் பாதிகூட ஏறாது. பில்லைப் பார்ப்பார், முள்ளைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார். காபிக் குச்சி ஒன்றை டேங்கில் விட்டு, நனைந்த அளவைக் காட்டினேன். "குச்சிய எங்க வேணா நனைக்கலாம்" என்றார்.

ஒரு நாள் காலையில் ஆள் எடுக்கும் களத்தில் பேர் கூப்பிட்டு முடித்தார். நோட்டை மூடிவிட்டு என்னைக் கைகாட்டினார். "இவன் பெட்ரோல் திருடன். இன்னையோட வேலை இல்லை" என்றார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

எங்கள் பக்கம் திருட்டுப் பேச்சு வந்தால் கோயிலில் கற்பூரம் ஏற்றிக் கையால் அணைத்துச் சத்தியம் செய்வோம். அதற்கு மேல் யாரும் கேட்கக் கூடாது.

"சேர்வராயன் கோயில்ல கற்பூரம் அணைக்கிறனுங்க" என்றேன்.

"பெட்ரோல் திருடறவனுக்குக் கற்பூரம் எம்மாத்திரம்" என்றார். நாலைந்து பேர் சிரித்தார்கள். சத்தியத்தைக்கூட எனக்குக் கொடுக்கவில்லை. வேலை போனதைவிட அதுதான் உள்ளே நின்றது.

அதன் பிறகும் மனைவி அங்கேயே காபிப் பழம் பறிக்கப் போனாள். எஸ்டேட் லைனில் அடுத்த வீட்டில் சிம்னி விளக்குக்குக் கொஞ்சம் மண்ணெண்ணெய் கேட்டிருக்கிறாள். "உங்க ஊட்லதான் பெட்ரோல் இருக்குமே, அதையே ஊத்திக்க" என்று ஒருத்தி சொன்னாளாம். வந்து என்னிடம் சொல்லிவிட்டு இருட்டிலேயே சமைத்தாள். அந்த மாசத்தோடு வேலையை விட்டாள்.

சேலத்தில் ஒரு வண்டிப் பட்டறையில் நாலு வருடம் கையைக் கறுப்பாக்கிக்கொண்டேன். பிறகு ஏற்காட்டில் தகர ஷெட் போட்டேன்.

அங்கேதான் அன்று அந்தப் பிக்கப் கயிற்றில் வந்தது. ஒரு ஜீப் இழுத்துக்கொண்டு வந்து விட்டுவிட்டுப் போனது. ரைட்டர் இறங்கி, என்னைப் பார்த்துவிட்டு, வண்டியைக் கைகாட்டினார். மறுநாள் மத்தியானம் முதலாளி வருகிறாராம். வண்டி எஸ்டேட்டில் நிற்க வேண்டுமாம். அந்த வண்டியைப் பிரிக்கத் தெரிந்தவன் மலையில் நான்தான்.

"மேட்டுல நின்னுடுது அண்ணா. மூச்சு வாங்கற மாதிரி இழுத்து நின்னுடுது" என்றான் மச்சினன்.

பெட்ரோல் பம்பைக் கழற்றினேன். உள்ளே ரப்பர் தோல் கிழிந்திருந்தது. பெட்ரோல் எஞ்சின் ஆயிலில் இறங்கியிருந்தது. புதுப் பம்பு சேலத்திலிருந்து வாங்கி வைத்திருந்தார்கள். கூடவே ஒரு பொட்டலம்.

"இது என்னங்க?"

"டேங்குப் புளோட்டு" என்றார் ரைட்டர். "மீட்டர் சரியாக் காட்டறதில்லை. அதையும் மாத்திடு."

"எப்ப இருந்துங்க காட்டறதில்லை?"

அவர் பொட்டலத்தைப் பிரித்தார். மச்சினன்தான் சொன்னான். "நான் ஏறின நாள்ல இருந்தே அண்ணா. இருபது போட்டா பத்து காட்டும். மாமாதான் மீட்டரு கெட்டுப்போச்சுன்னு கண்டுபுடிச்சாரு."

என் மனைவி சோற்றுத் தூக்குப்போசியைக் கீழே வைத்தாள். "ஏனுங்க ரைட்டருங்க, எங்க ஊட்டுக்காரர் ஓட்டினா ஆளு கெட்டவன். உங்க மச்சினன் ஓட்டினா மீட்டரு கெட்டது. நொம்ப நல்ல கணக்குங்க."

நான் பெட்ரோலை வடித்து, பட்டையைக் கழற்றி, டேங்கை இறக்கினேன். மேலே வட்டமாக அஞ்சு ஸ்குரூ. அவிழ்த்ததும் கம்பியோடு புளோட்டு வெளியே வந்தது. கோழிமுட்டை அளவு பித்தளை உருண்டை. பெட்ரோலில் மிதக்க வேண்டியது. அது ஏறினால் முள் ஏறும், இறங்கினால் இறங்கும்.

துடைத்துவிட்டு ரைட்டர் கையில் கொடுத்தேன்.

"ஆட்டிப் பாருங்க."

ஆட்டினார். உள்ளே களக் களக் என்றது. ஊசி முனை அளவு ஓட்டை. அது வழியாகப் பெட்ரோல் உள்ளே போய், கனத்து, பாதி முழுகிக் கிடந்திருக்கிறது.

"காதுகிட்ட வெச்சு ஆட்டுங்க" என்றாள் என் மனைவி.

அதையும் செய்தார். செய்துவிட்டு அதைப் பெஞ்சின் மேல் வைத்துக் கையை வேட்டியில் துடைத்தார். நான் எடுத்து என் பையில் போட்டுக்கொண்டேன்.

புதுப் புளோட்டைப் போட்டேன், டேங்கை ஏற்றினேன், பம்பை முடுக்கினேன். பம்புக்கு வரும் பைப்பின் நட்டில் அரைத் திருப்பு விட்டுவிட்டால் போதும். காற்று இழுக்கும். ஏதாவது ஒரு கொண்டை ஊசி வளைவில் வண்டி நின்று பின்னால் உருளும். ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அதை நினைத்தேன். நன்றாகவே நினைத்தேன். உருளும்போது ஸ்டீயரிங்கில் இருப்பவன் மச்சினன், பின்னால் நிற்பவர்கள் பழம் பறிக்கும் பெண்கள். ரைட்டர் நோட்டோடு களத்தில் இருப்பார்.

நட்டை முழுக்க முடுக்கினேன். பம்பிலிருந்து கார்ப்பரேட்டருக்குப் போகும் பைப்பை மட்டும் மாட்டவில்லை. அவர்கள் பார்க்கவே அதையும் பையில் போட்டேன்; அது இல்லாமல் வண்டி கிளம்பாது.

"முடிஞ்சுதா? கூலி எவ்வளவு?" என்றார்.

"கூலி வேண்டாமுங்க. நாளைக் காலையில ஆள் எடுக்கற நேரத்துக்கு வண்டிய நானே ஓட்டிக்கிட்டு வர்றேன். பேர் கூப்பிட்டு முடிச்சதும் நீங்க சொல்லணும்."

"என்ன சொல்லணும்?"

"அன்னைக்குச் சொன்னீங்க இல்லீங்களா, அது தப்புன்னு."

"இங்கயே சொல்றேன் போதாதா? தெரியாமச் சொல்லிட்டேன். போதுமா?"

"இங்க கேட்கறவங்க மூணு பேருங்க."

"வேற மெக்கானிக்க சேலத்துல இருந்து கூட்டிட்டு வருவேன்."

"கூட்டிட்டு வாங்க. பஸ் நாலே காலுக்கு. அவரு காலையில வந்து பார்த்து, இந்தப் பைப்புக்கு மறுபடி சேலம் போய் வர்றதுக்குள்ள முதலாளி வந்துடுவாருங்க."

மச்சினன் தரையைப் பார்த்தான். "மாமா, சொல்லிடுங்க மாமா. பொய்யா என்ன?" என்றான். அவனை ரைட்டர் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. அதுவும் எனக்கு இனித்தது.

காலையில் பைப்பை மாட்டி ஓட்டினேன். முள் நேராக நின்றது. பக்கத்தில் என் மனைவி, துவைத்த சேலையில். களத்தில் பனி விலகவில்லை. நான் எஞ்சினை நிறுத்தாமல் வண்டிக்குள்ளேயே இருந்தேன். சாவி என்னிடம்.

ரைட்டர் பேர் கூப்பிட்டு முடித்தார். நோட்டை மூடினார். வாய்க்குள்ளே ஏதோ சொன்னார்.

"கேட்கலீங்க" என்றாள் என் மனைவி.

"இந்த டிரைவர் பெட்ரோல் எடுக்கலை. மீட்டர்தான் கெட்டிருந்துச்சு. நான் சொன்னது தப்பு."

"பின்னாடி நிக்கறவங்களுக்கும் கேட்கட்டுமுங்க."

மறுபடி சொன்னார். இந்தத் தடவை சத்தமாக. கழுத்து நரம்பு தெரிந்தது. யாரும் சிரிக்கவில்லை. மண்ணெண்ணெய் தராதவளும் நின்றாள். என் மனைவி இறங்கிப் போய், புளோட்டை அவள் கையில் கொடுத்து ஆட்டச் சொன்னாள். அது கை மாறிக் கை மாறிப் போயிற்று.

எனக்கு மனசு இளகவில்லை. இளகும் என்று நினைத்திருந்தேன். வண்டியில் இருந்தபடி, களத்தில் நின்று அதைக் கேட்ட தலைகளை ஒவ்வொன்றாக எண்ணினேன்.

எண்பத்தேழு.