லயத்துக்குப் போட்ட கறுப்புக் குழாய்

காலையில் யாரைப் பார்த்தாலும் "பசியாறிட்டீங்களா?" என்று கேட்கிறார்கள். மலாக்காவுக்கு வந்த புதிதில் எனக்கு இது விளங்கவில்லை. மணப்பாறையில் அது மேடையிலும் அன்னதானத்திலும் கேட்கிற சொல். இங்கே பத்து பெரண்டாம் என்கிற வட்டாரத்துக் கடைகளில் காலை இட்லிக்கே அதுதான் பெயர். இத்தனை பரிவாகத் தமிழ் பேசுகிறவர்கள் நடுவில் வேலை செய்யப்போகிறேன் என்று மனைவியிடம் போனில் பெருமையாகச் சொன்னேன்.

கட்டுமானத் தளத்தில் குழாய், பம்ப் வேலைகளுக்கு நான் சூப்பர்வைசர். நிழலில் நின்று கைநீட்டுகிற சூப்பர்வைசர் அல்ல. நேபாளத் தொழிலாளிகளோடு பள்ளத்தில் இறங்கி ரெஞ்சு பிடிக்கிறவன். ஊரிலும் நகராட்சி ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் இதே வேலைதான். புதுக் குழாயில் தண்ணீர் வரும் நாளில் தெருப் பெண்கள் அதற்குக் குங்குமம் வைத்துச் சூடம் காட்டுவார்கள். தண்ணீர் கொண்டுவருகிறவன் என்றே என்னை நினைத்துப் பழகிவிட்டேன்.

சென்ற ஆண்டு, கைமாறிப்போன ஒரு ரப்பர்த் தோட்டத்தில் வீடமைப்பு வேலை. மரங்களையெல்லாம் சாய்த்தாகிவிட்டது. தொழிலாளர்களின் வரிசை வீடுகளை லயம் என்பார்கள்; கடைசி லயத்தில் மட்டும் சில குடும்பங்கள், மாற்று வீடு கொடுத்தால்தான் கிளம்புவோம் என்று இருந்தார்கள். அவர்களுக்குத் தண்ணீர் போகும் பழைய இரும்புக் குழாய், நாங்கள் சாக்கடைக் குழாய் பதிக்கும் பாதையில் குறுக்கே கிடந்தது. மேனேஜர் ராஜன் மலாக்கா டவுனில் வளர்ந்த தமிழர். "நீங்க போய் வெட்டிடுங்க ப்ரோ. நம்ம பாஷையில பேசினா கேப்பாங்க லா" என்றார்.

பள்ளத்தின் விளிம்பில் செல்வி நின்றுகொண்டிருந்தார். அந்த லயத்திலேயே பிறந்தவர். பத்து பெரண்டாம் பேக்டரியில் வேலை. சீருடையைக்கூட மாற்றாமல் வந்திருந்தார்.

"ஊர்லேர்ந்து வந்தீங்களா தம்பி?"

"ஆமாக்கா."

"இங்க புடிக்கலன்னா நீங்க பிளேன் ஏறிப் போயிடலாம். எங்கள எங்க போகச் சொல்றீங்க?"

நான் ரெஞ்சைக் கீழே வைத்தேன். "அக்கா, தண்ணி நிக்காது. நான் பாத்துக்கிறேன்" என்றேன். எங்கள் தளத்து இணைப்பிலிருந்து வேலியோரமாகக் கறுப்புப் பாலிபைப் போட்டுக் கொடுத்துவிட்டு, பிறகு பழையதை வெட்டலாம் என்று ராஜனிடம் கேட்டேன். மறுப்பார் என்றுதான் நினைத்தேன். அவர் உடனே தலையாட்டினார். ஞாயிற்றுக்கிழமை விடுப்பில் நானே அதைப் போட்டேன். லயத்து முற்றத்தில் தண்ணீர் சீறிக்கொண்டு விழுந்தபோது செல்வி எனக்கு மைலோ கலக்கிக் கொடுத்தார். மறுநாள் பழைய குழாயை வெட்டினோம். யாரும் தடுக்கவில்லை.

சாக்கடைக் குழாய் பதித்து, பள்ளத்தை மூடி, மேலே தார் போட்டு முடிந்ததும் ராஜன் என்னை அழைத்தார். "அந்தப் பாலிபைப்ப எடுத்திடலாம்."

"அவங்களுக்கு வேற தண்ணி இல்ல சார்."

"டெம்பரரிதானே? டெம்பரரின்னா ஒரு நாள் எடுக்கத்தான் வேணும்."

"நான் எடுக்கமாட்டேன்."

"நீங்க எடுக்க வேணாம், ஆளு இருக்கு." பிறகு என் தோளைத் தட்டினார். "எங்கப்பாவும் தோட்டத்துல பொறந்தவருதான். கஷ்டப்பட்டு வெளிய வந்தோம். இவங்க ஏன் வரல? நீங்க சண்டையில்லாம முடிச்சுக் குடுத்தீங்க. நல்ல வேலை ப்ரோ." அவர் கேலி செய்யவில்லை. மனதாரப் பாராட்டினார். அதைத்தான் இன்றுவரை என்னால் விழுங்க முடியவில்லை.

பாலிபைப்பைப் பிடுங்கிய மறுநாள் கம்பெனி லோரியில் தண்ணீர் டிரம்களை ஏற்றிக்கொண்டு லயத்துக்குப் போனேன். செல்வி லோரியை உள்ளே விடவில்லை.

"மொத நாளே நாங்க படுத்து மறிச்சிருப்போம். பேப்பர்காரங்கள கூப்பிட்டிருப்போம். நீங்க வந்து 'அக்கா, நான் பாத்துக்கிறேன்'னு சொன்னீங்க. நம்பினோம். ஒங்கள அனுப்பினதே அதுக்குத்தானா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். என்னிடமும் அவரிடமும் இருந்தது ஒரே மொழிதான். அதில் ஒரு சொல்கூட எனக்கு உதவவில்லை. என் வாயிலிருந்து வந்த தமிழை வைத்துத்தானே அவர்களை வளைத்தார்கள்! டிரம்கள் ததும்பத் ததும்ப லோரி திரும்பியது. சில வாரங்களில் லயம் காலியானது. வாடகை பிளாட்டுகளுக்குப் பிரிந்து போனார்கள் என்று கேள்விப்பட்டேன். என்னைத் தஞ்சோங் கிளிங்கில் ஒரு ஹோட்டல் வேலைக்கு மாற்றினார்கள்.

போன மாதம் பாசார் என்கிற சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது செல்வியைப் பார்த்தேன். "அக்கா" என்று அழைத்தேன். நேராக என் முகத்தைப் பார்த்து, "மாஃப், தாக் ஃபாஹாம்" என்றார். மன்னிக்கணும், புரியவில்லை என்று மலாயில். நகர்ந்து போகும்போது உடன் வந்த பெண் தமிழில் கேட்டது காதில் விழுந்தது: "யாரு அது?"

"யாரோ ஊர்க்காரன்."

இந்தியாவிலிருந்து வந்தவர்களை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். மணப்பாறைப் பக்கத்தில், ஓடைக்கு அந்தப் பக்கம் ஊர், இந்தப் பக்கம் காலனி. நான் காலனியில் பிறந்தவன். ஊர்க்காரன் என்று அங்கே என்னை ஒருவர்கூடச் சொன்னதில்லை. மீன்காரர் நீட்டிய பையை வாங்காமல், கூட்டத்தில் மறையும் அந்த முதுகையே பார்த்துக்கொண்டு நின்றேன்.