உப்புத் தரையில் நின்ற எட்டு சிலிண்டர் கார்

திருச்சியிலிருந்து திண்டுக்கல் அறுபத்திரண்டு மைல். பஸ் கட்டணம் ஒன்றே முக்கால் ரூபாய். அறுபத்து மூன்றாம் வருஷம், ஆடி மாதம், ஒரு திங்கட்கிழமை காலை ஆறரை மணி பஸ்ஸில் ஏறினேன். என் தகரப் பெட்டியைக் கூரைமேல் ஏற்றிய கண்டக்டர் மூச்சு வாங்கிக்கொண்டு, "உள்ள என்ன சார், அம்மிக்கல்லா?" என்று கேட்டார். கார்புரேட்டர், டிஸ்டிரிபியூட்டர், பிளக், ஜாக்கி என்று நான் ஒப்பித்ததை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

முந்தின வெள்ளிக்கிழமைதான் பஸ் கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் என் ஃபிட்டர் வேலையை விட்டிருந்தேன். விட்டதற்குக் காரணம், திண்டுக்கல்லில் ஒரு தோல் கிட்டங்கியில் வருஷக்கணக்காக நின்றுகொண்டிருந்த அமெரிக்கக் கார். எட்டு சிலிண்டர், நூறு குதிரைச் சக்தி. பழைய லாரி எஞ்சின்களோடு மாரடித்தவனுக்கு அந்த எண்ணைக் கேட்டாலே நாக்கில் ஜலம் ஊறும். அதைச் சரிசெய்து திருச்சிக்கு ஓட்டிவந்து, கல்யாண ஊர்வலங்களுக்கு விட்டுப் பிழைப்பதென்று முடிவு. ஓடினால் நான் முதலாளி. ஓடாவிட்டால் பழைய சூப்பர்வைசர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அந்த மனுஷனோ, "எப்படியும் திரும்பி வருவே" என்று ஆசீர்வாதம் செய்து அனுப்பியவர். என் மனைவி சாரதா மட்டும் வழிக்குப் புளிச்சோறு கட்டிக் கொடுத்தாள்.

மணப்பாறையில் பத்து நிமிஷம் நின்றோம். எல்லோரும் முறுக்கு வாங்கினார்கள், நானும் வாங்கினேன். அதற்கப்புறம் இரண்டு பக்கமும் செம்மண்ணும் கருவேலமும்தான். வடமதுரை தாண்டியதும் திண்டுக்கல் கோட்டை தெரிந்தது. மொட்டைப் பாறை, எங்கள் ஊர் மலைக்கோட்டையின் களை அதற்கு இல்லை. இதைப் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னேன். அவர் திண்டுக்கல்காரர். இறங்கும்வரை என்னோடு பேசவில்லை.

பத்து மணிக்கு திண்டுக்கல் பேகம்பூரில் இறங்கினேன். தோல் பதனிடும் ஷாப்புகள் இருக்கும் தெருவுக்கு வழி கேட்கத் தேவையில்லை, மூக்கு கூட்டிக்கொண்டு போய்விடும். சுண்ணாம்புத் தொட்டி நாற்றம், ஊறின ஆவாரம்பட்டை நெடி, இரண்டுக்கும் நடுவில் எங்கிருந்தோ நெய்ச்சோறு வாசனை. கிட்டங்கிக்கும் காருக்கும் சொந்தக்காரர் ஹபீப் ராவுத்தர் வாசலுக்கே வந்துவிட்டார். அறுபது வயதுக்கு நிமிர்ந்த உடம்பு.

"வாங்க தம்பி. செத்த நேரம் உக்காருங்க, டீத்தண்ணி வருது. கார் எங்கயும் ஓடிறாது."

சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டார்.

கொடைக்கானல் மலையில் எஸ்டேட் வைத்திருந்த வெள்ளைக்காரர் ஒருவர் சீமைக்குப் போகும்போது ராவுத்தரிடம் விட்டுப் போன கார் அது. சில காலம் ஓட்டியிருக்கிறார். வெளிநாட்டு உதிரிச் சாமான் வருவது நின்றுபோய், காரும் நின்றுவிட்டது. உடைத்து விற்கக் கேட்டவர்களையெல்லாம் வாசலோடு அனுப்பிவிட்டார். போன தை மாதம் நான் வந்து பார்த்தபோது, பணம் வேண்டாமென்று சொல்லி, ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்: "ஓட்டிக்கிட்டுப் போறதா இருந்தா எடுத்துக்கங்க தம்பி. பிரிச்சு எடுத்துட்டுப் போறதா இருந்தா வேணாம்." நான் தலையை ஆட்டினேன். அன்றைக்கு எதற்கு வேண்டுமானாலும் ஆட்டியிருப்பேன்.

கிட்டங்கியைத் திறந்தார்கள். சக்கரங்களைக் கழற்றிவிட்டுக் காரைச் செங்கல் அடுக்கின்மேல் உட்கார வைத்திருந்தார்கள். ஆட்டுத்தோல்களைச் சேர்த்துத் தைத்த பெரிய போர்வை ஒன்று தரைவரை மூடியிருந்தது. நாலு பேராகச் சேர்ந்து அதை இழுத்ததும், கத்தரிக்காய் நிறத்தில் அப்படியே பளபளத்தது கார். முன்பக்கத்து நிக்கலில் என் மூஞ்சி தெரிந்தது. அந்த நிமிஷம் சாரதாவைக் கூட்டிவந்து காட்ட வேண்டும்போல இருந்தது.

செவ்வாயும் புதனும் எஞ்சினோடு போராட்டம். பிஸ்டன்கள் இறுகியிருந்தன. பிளக் ஓட்டைகளில் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டு, ஹேண்டிலைப் போட்டுத் தொங்கினேன். ராவுத்தர் வேளாவேளைக்கு வீட்டிலிருந்து சாப்பாடு கொடுத்தனுப்பினார். போதாக்குறைக்குத் தானே வந்து நின்று, "தொட்டுக்க வெஞ்சனம் பத்தலைன்னா கூச்சப்படாமக் கேளுங்க" என்பார். புதன் சாயங்காலம் ஹேண்டில் கால்வட்டம் நகர்ந்தது. வியாழன் காலை முழு வட்டம் சுற்றியது. பெட்ரோல் டின்னை உயரத்தில் கட்டி, லாரி பேட்டரியை மாட்டி, மதியம் மூன்று மணிக்கு ஸ்டார்ட்டரை அமுக்கினேன். இரண்டு முறை இருமியது. மூன்றாவது முறை பிடித்துக்கொண்டது.

அந்தச் சத்தத்தை எழுதிக் காட்ட எனக்குத் தெரியவில்லை. லாரி எஞ்சின் கத்தும், இது கத்தவில்லை. அடிவயிற்றிலிருந்து பேசியது. தொட்டியில் தோல் மிதித்துக்கொண்டிருந்தவர்கள் அப்படியே ஓடிவந்தார்கள். ராவுத்தர் பானெட்டின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கண்ணை மூடி நின்றார். சத்தியமாகச் சொல்கிறேன், நான் அழுதேன்.

வெள்ளிக்கிழமை சக்கரம் மாட்டும் வேலை. முன்பக்கம் காரின் அடிச்சட்டமான சேசிஸின் அடியில் ஜாக்கியைக் கொடுத்துச் சுற்றினேன். ஜாக்கி ஏறியது, கார் ஏறவில்லை. இன்னும் இரண்டு சுற்று. அப்பளம் உடைகிற மாதிரி ஒரு சத்தம். குனிந்து பார்த்தேன், ஜாக்கித் தலை இரும்புக்குள் புகுந்து போயிருந்தது. விரலால் தொட்டேன். சேசிஸ் ஏடு ஏடாக என் கையோடு வந்தது. பின்பக்கம் படுத்துப் பார்த்தேன், அங்கேயும் அதே கதி. மேலே மணப்பெண், கீழே மண்.

பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் கேஸ் வெல்டிங் வைத்திருந்த ஆரோக்கியத்தைக் கூட்டிவந்தேன். அவர் ஒரு சுத்தியலால் அங்கங்கே தட்டினார். தட்டின இடமெல்லாம் உதிர்ந்தது.

"ஒட்டு வைக்கலாம்ணே. ஒட்டுறதுக்கு ஒரு பக்கமாச்சும் இரும்பு இருக்கணும்ல?" என்று சொல்லிவிட்டு, கூலி வேண்டாமென்று போய்விட்டார்.

அப்புறம்தான் தரையைப் பார்த்தேன். காருக்கு அடியில் நாலு விரல்கடை உயரத்துக்கு உப்பு. பச்சைத்தோல் கெடாமலிருக்கத் தூவுகிற அதே கல்லுப்பு, ஈரம் குடித்துப் பாறையாக இறுகிக் கிடந்தது. ராவுத்தரிடம் கேட்டேன்.

"ஆமா தம்பி. ஊரெல்லாம் கறையான். காருக்கு உள்தரை பூராம் மரப்பலகைல்ல? உப்புக் கிட்டங்கியில மட்டும் கறையான் அண்டாது. ஒவ்வொரு ஐப்பசிக்கும் மழைக்கு முந்தி நானே நின்னு புது உப்புப் போட்டுருவேன். ஒரு வருஷம்கூட விட்டதில்ல. பாருங்க, ஒரு பலகை செல்லரிச்சிருக்கா?"

ஒரு பலகைகூட அரிக்கவில்லை. பலகையைத் தாங்கிய இரும்புதான் இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு எங்காவது போய்த் தலையை முட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்து எதைச் சொல்வது?

"சேசிஸ் போச்சு பாய். வயசாயிடுச்சு" என்றேன்.

அவர் என் தோளைத் தட்டினார். "எஞ்சின் உசுரோட இருக்குல்ல? இன்னொரு சேசிஸ் ஆப்புடுற வரைக்கும் இங்கனயே பத்திரமாக் கெடக்கட்டும்" என்றவர், ஆட்களைப் பார்த்து, "ஏலே, நாலு கூடை புது உப்பு அள்ளிட்டு வாங்க" என்றார்.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. "உப்பு வேண்டாம் பாய். உப்புதான் தின்னுருச்சு" என்று சொல்லிவிட்டேன்.

அவர் குனிந்தார். நான் தொட்ட இடத்தையே அவரும் தொட்டார். உதிர்ந்த துருவை உள்ளங்கையில் வைத்து, தோலைத் தடவிப் பார்ப்பதுபோலத் தடவிப் பார்த்தார்.

"அப்ப எஞ்சினை நீங்களே கொண்டு போயிருங்க தம்பி. என் எடத்துல எங்க வச்சாலும் உப்புதான்" என்றார். நிபந்தனையைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

சனிக்கிழமை அய்யலூரிலிருந்து ஆடு ஏற்றித் திருச்சிக்குப் போய்வரும் லாரி ஒன்றைப் பேகம்பூருக்கே வரவழைத்தேன். எஞ்சினைக் காரிலிருந்து கழற்றி, சாக்கில் சுற்றிப் பின்னால் கட்டினோம். ஆறு ஆட்கள் தேவைப்பட்டார்கள். ராவுத்தர் வாசலுக்கு வரவில்லை; சோற்றுப் பொட்டலம் மட்டும் வந்தது. டிரைவர் வழியெல்லாம் பேச்சுக் கொடுத்துப் பார்த்தார். அதே அறுபத்திரண்டு மைல், அதே செம்மண். போகும்போது எதைப் பார்த்தேனோ அதில் ஒன்றையும் திரும்பும்போது பார்க்கவில்லை. சூப்பர்வைசரிடம் முதல் வார்த்தை என்ன சொல்வது என்றே நினைத்துக்கொண்டு வந்தேன்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு உறையூரில் எங்கள் வாடகை வீட்டு வாசலில் லாரி நின்றது. பலகை சாய்த்து எஞ்சினை இறக்கினார்கள். அது நடைபாதையை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தது. ஆட்டுப் புழுக்கையும் எண்ணெயுமாக நாற்றம். சாரதா கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள். எஞ்சினைச் சுற்றி ஒரு தடவை நடந்தாள். தெருக்கோடிவரை எட்டிப் பார்த்தாள்.

"மிச்சம் எப்ப வருது?" என்று கேட்டாள்.