நிறம் மாறாத கறி

டென்மார்க்குக்கு வந்து இத்தனை வருடமாகியும் எனக்குப் பழகாத ஒன்று, காலை ரொட்டியின் மேல் வைக்கும் ஹாம். வேகவைத்த பன்றிக்கறி எங்கேயாவது ரோஸ் நிறத்தில் இருக்குமா? இங்கே இருக்கிறது. விழுப்புரத்தில் அம்மா கொடியில் காயப்போடும் உப்புக்கண்டம் இரண்டே நாளில் கறுத்துவிடும். அதைத் தின்று வளர்ந்தவனுக்கு நிறம் மாறாத கறியைப் பார்த்தால் சந்தேகம் வரத்தான் செய்யும்.

ஹாம் ஆலையிலேயே வேலை கிடைத்ததும் சந்தேகம் கூடியது. கறி ஊறும் உப்புத்தண்ணீரில் நைட்ரைட் சேர்ப்போம். நிறத்தைக் காப்பதும் கிருமியை அண்டவிடாததும் அதுதான். ஆனால் அந்தக் கறியைக் கடுஞ்சூட்டில் வறுத்தால் நைட்ரோசமைன் உண்டாகும். புற்றுநோய்க்கு வழிவகுக்கும் பொருள் என்கிறார்கள். அதைக் குறைக்க இப்போது கிரீன் டீ, ரோஸ்மேரி இலைச் சாறும் கலக்கிறோம். குறையும், அடியோடு ஒழியாது. டப்பாவின் மேல் பச்சை இலைப் படம் மட்டும் பெரிதாக இருக்கும். மேற்பார்வையாளர் யென்ஸிடம், "இதை உங்கள் பிள்ளைகளுக்குக் கொடுப்பீர்களா?" என்று கேட்டேன். நான் என் மகளுக்காக இனாம் கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். சிரித்தபடி இரண்டு டப்பாவைக் கையில் திணித்தார். இங்கேயே பிறந்த என் ஐந்து வயது மகள் பாலர் பள்ளியில் தினமும் தின்பது இதைத்தான்.

ஊருக்குப் போனால் அவள் பட்டினி கிடப்பாளோ என்ற பயத்தில், அதில் ஒரு டப்பா அந்த வருட விடுமுறையில் எங்களோடு திண்டிவனத்து அக்கா வீடுவரை வந்தது. மாமா வயிற்றுப் புற்றுநோயில் போனதிலிருந்து, அக்கா கத்தரிக்காயைக்கூட மோந்து பார்த்துத்தான் வாங்குவாள்.

"இன்னாடா இது, செவப்பாவே கீது? வெந்துதா?"

"வெந்ததுதான்கா. அப்டியே சாப்புடலாம்."

"இன்னாத்த கலந்துக்கினு வர்றீங்க இதுல?"

"எலைச் சாறு. கெட்டது உண்டாவாம இருக்க."

"அப்ப கெட்டது உண்டாவுற சாமான் உள்ளதானே கீது?"

யென்ஸிடம் நான் கேட்க நினைத்ததும் அதுதான். அதற்குள் அக்கா துண்டு போட்டு, உப்புக்கண்டம் பொரிப்பதுபோலப் புகையும் எண்ணெயில் போட்டுவிட்டாள்.

"வறுக்காதக்கா."

"நல்லா முறுவுனாதான் உள்ள எது கீதோ அது சாவும்."

"சூட்டுலதான்கா கெட்டதே உண்டாவுது."

அக்காவின் கரண்டி நின்றது.

"உன் மாமாவ நான் கண்டதையும் வறுத்துப் போட்டுத்தான் சாவடிச்சேன்னு அவங்க வூட்ல பேசிக்கினு கீறாங்க. நீயும் அதான் சொல்ல வர்றியா?"

அப்படி நான் ஒருநாளும் நினைத்ததில்லை. ஆனால் அந்த நேரத்தில் எதைச் சொன்னாலும் அவள் காதில் அப்படித்தான் விழும். கறுத்த துண்டுகளைத் தட்டில் போட்டு என் மகள் முன்னால் வைத்தாள். நான் தட்டை என் பக்கம் இழுத்து ஒவ்வொன்றாகத் தின்றேன். மகளிடம் டேனிஷில், "இது உனக்கு வேண்டாம்மா, நல்லதில்லை" என்றேன். அக்காவிடம், "நல்லா கீதுக்கா" என்றேன். இருவருமே என்னை நம்பாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.