மலையில் நான் சொல்லாமல் விட்ட ஒரு வரி

என்ன வேலை செய்கிறேன் என்று வெளியே சொல்லிக்கொண்டால் எனக்கு நிம்மதி போய்விடும். சிட்னியின் மேற்கே ஒரு சிறிய இலவச சட்ட உதவி நிலையத்தில் குடிவரவு ஆலோசகராக இருக்கிறேன். விசா மறுக்கப்பட்டவர்கள், குடும்பத்தைக் கூப்பிடக் காத்திருப்பவர்கள், திணைக்களத்திலிருந்து வந்த கடிதம் விளங்காதவர்கள் எல்லாரும் என் மேசைக்கு வருவார்கள். மேசையோடு நின்றால் பரவாயில்லை. எங்கள் சனம் கூடுகிற வென்ட்வேர்த்வில் கடையில் நான் முருங்கைக்காய் தெரிவுசெய்துகொண்டு நிற்கும்போது பின்னால் ஒரு குரல் கேட்கும்.

"அண்ணை, ஒரு நிமிசம். இந்தக் கடிதத்தை ஒருக்கா பாருங்கோ."

கோயிலில் கேட்பார்கள். செத்த வீட்டில்கூடக் கேட்டிருக்கிறார்கள். நானும் அகதியாக வந்து இறங்கியவன்தான். எனக்கும் யாரோ ஒருவர் படிவம் நிரப்பித் தந்தார். அதனால் பதினேழு வருடமாக யாருக்கும் இல்லை என்று சொன்னதில்லை.

ஒருநாள் வேலையில் ஒரு கடிதத்தை வாசித்துக்கொண்டிருந்தேன். முதல் வரியை நான்கு தடவை வாசித்தும் மண்டையில் ஏறவில்லை. எதிரே இருந்த மனிதர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து கழிவறைக்குப் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. சக ஊழியர் வந்து தட்டிய பிறகுதான் வெளியே வந்தேன்.

என் மனைவி வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை செய்கிறார். வருத்தக்காரரைப் பார்த்துப் பழகியவர். அன்று பின்னேரம் குசினியில் நான் சொன்னதைக் கேட்டுவிட்டு நீட்டி முழக்காமல் சொன்னார்.

"தனியாப் போங்கோ. தெரிஞ்ச சனம் ஒண்டும் இல்லாத இடமாப் பாத்துப் போங்கோ. நான் வந்தா அங்கையும் வீட்டுக் கதைதான் கதைப்பம்."

அப்படித்தான் இமயமலை அடுக்கில் ஒரு சிற்றூருக்குப் பன்னிரண்டு நாள் போனேன். தேவதாரு மரங்களுக்கு நடுவில், சரிவில் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி நிற்கும் வீடுகள். எதிரே பனி மூடிய ஒரு மலை. காலையில் அது தெரியும். பத்து மணிக்கு மேகம் வந்து மூடிவிடும். ஊரில் பாதிப் பேர் திபெத்தியர்கள். நான் தங்கிய விடுதியில் ஆறு அறைகள். நடத்தியவர் ஒரு திபெத்தியப் பெண், முப்பத்தைந்து வயதிருக்கும். சமையலும் அவரே, கணக்கும் அவரே, வெந்நீர்ப் பை கொண்டுவந்து கட்டிலில் வைப்பதும் அவரே. கொஞ்சம் ஆங்கிலம் பேசுவார். குறைந்த சொற்களில் தேவையானதைச் சொல்லிவிடுவார்.

முதல் நாள் காலைச் சாப்பாட்டின்போது எங்கிருந்து வருகிறேன் என்று கேட்டார். அவுஸ்திரேலியா என்றேன். அவர் முகம் மலர்ந்தது.

"அங்கே என்ன வேலை, சார்?"

யோசிக்கவே இல்லை. "டைல்ஸ் கடை வைத்திருக்கிறேன்" என்றேன்.

மெரிலேண்ட்ஸில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் அப்படி ஒரு கடை இருந்தது. அதுதான் வாயில் வந்திருக்க வேண்டும். சொன்னவுடன் உடம்பு இலேசாகிவிட்டது. டைல்ஸ் விற்கிற ஒருவனிடம் யாரும் கண்கலங்கிக்கொண்டு வரமாட்டார்கள்.

அடுத்த நாள்கள் நல்ல நாள்கள். அதை மறைக்க முடியாது. பகலில் நடந்தேன். வராந்தாவில் கதிரையைப் போட்டு மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வருடக்கணக்காக வராத பகல் நித்திரை வந்தது. கீழே கோவிலில் மணி அடிக்கும்போது விழிப்பேன், மறுபடி கண்ணயர்வேன். நான்காம் நாள் அந்தப் பெண் தயங்கிக்கொண்டு வந்து கீழ் அறையின் குளியலறைத் தரையைப் பார்க்க முடியுமா என்று கேட்டார். இரண்டு டைல்ஸ் வெடித்துக் கிளம்பியிருந்தன. நான் முழங்காலிட்டுத் தட்டிப் பார்த்தேன். அடியில் ஈரம் இறங்கியிருக்கிறது, முழுவதையும் கிளப்பித்தான் ஒட்ட வேண்டும் என்று அரை மணித்தியாலம் விளக்கினேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் எங்கள் வீட்டில் டைல்ஸ் ஒட்டியவர் சொன்னதுதான். அந்தப் பெண் எல்லாவற்றையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டார். பொய்யை நன்றாகக் கொண்டுநடத்துகிறேன் என்று எனக்குள் ஒரு சந்தோசம்கூட இருந்தது.

ஆறாம் நாள் மத்தியானம் மழை பெய்தது. விடுதியில் வேறு யாரும் இல்லை. நான் வராந்தாவில் இருந்தேன். அவர் கைகளைத் துணியில் துடைத்துக்கொண்டு, ஒரு பிளாஸ்டிக் கோப்புடன் வந்தார். கோப்பைத் திறக்கும் முன்பே எனக்கு அது என்னவென்று தெரிந்துவிட்டது. உலகம் முழுக்க அந்தக் கோப்பு ஒரே மாதிரித்தான் இருக்கிறது. பொத்தான் வைத்தது, மூலைகள் தேய்ந்தது.

"சார், என் கணவர் சிட்னியில் இருக்கிறார். முதியோர் இல்லத்தில் வேலை. நாலு வருடமாக அங்கே. எனக்கு விசா போட்டிருக்கிறோம். இந்தக் கடிதம் வந்தது. நீங்கள் அந்த நாட்டுக்காரர். ஒரு தடவை பார்ப்பீர்களா?"

ஒரு தாளை நீட்டினார். நான் கையில் வாங்கினேன். வாசிக்க வேண்டிய தேவையே இல்லை. அந்தக் கடிதத்தின் அமைப்பு எனக்கு மனப்பாடம். பொலிஸ் நற்சான்றிதழும் இன்னும் இரண்டு பத்திரங்களும் இருபத்தெட்டு நாளுக்குள் அனுப்ப வேண்டும். மேலே திகதியைப் பார்த்தேன். இருபது நாள் போய்விட்டது.

"பொலிஸ் பேப்பர் இன்னும் வரவில்லை. அடுத்த மாதம் தருவோம் என்கிறார்கள். கணவர் சொல்கிறார், வந்ததும் எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பலாம் என்று. அடுத்த மாதம் அனுப்பினால் சரிதானே?"

சரியில்லை. அப்படிக் காத்திருந்து மறுக்கப்பட்டவர்கள் எத்தனையோ பேர் என் மேசைக்கு வந்திருக்கிறார்கள். அவர் செய்ய வேண்டியது மிகச் சின்ன வேலை. பொலிஸ் சான்றிதழுக்கு விண்ணப்பித்த பற்றுச்சீட்டை இணைத்து, தாமதமாகிறது, கால அவகாசம் தாருங்கள் என்று எட்டு நாளுக்குள் ஒரு வரி எழுதி அனுப்ப வேண்டும். பெரும்பாலும் கொடுப்பார்கள். அந்த ஒரு வரிதான்.

நான் தாளைத் திருப்பிக் கொடுத்தேன்.

"எனக்கு இதெல்லாம் தெரியாது."

"நீங்களும் வேறு நாட்டிலிருந்து போனவர்தானே? உங்களுக்கு இப்படிக் கடிதம் வரவில்லையா?"

"நான் சின்ன வயதில் பெற்றோரோடு போனவன். எல்லாம் அவர்கள் பார்த்துக்கொண்டார்கள்."

என் பெற்றோர் அவுஸ்திரேலியாவைக் கண்ணால் கண்டதில்லை.

அவர் தாளைக் கோப்புக்குள் வைத்துப் பொத்தானை அழுத்தினார். "மன்னிக்க வேண்டும், சார். ஓய்வெடுக்க வந்தவரைத் தொந்தரவு செய்துவிட்டேன்" என்றார். உள்ளே போய் எனக்கு இஞ்சித் தேநீர் போட்டுக்கொண்டு வந்தார்.

அன்று எனக்கு நித்திரை வரவில்லை என்று எழுதத்தான் ஆசை. ஆனால் நன்றாகத்தான் படுத்தேன். ஒரு வரியைச் சொல்லத் தொடங்கினால் அது ஒரு வரியோடு முடியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மற்றப் பத்திரங்களைப் பார்க்கச் சொல்வார், கணவரோடு பேசச் சொல்வார், அயல் வீட்டுக்காரர் தங்கள் கோப்புகளோடு வருவார்கள், மலையும் வென்ட்வேர்த்வில் ஆகிவிடும். எனக்குப் பன்னிரண்டு நாள் உரிமை இருக்கிறது என்று நினைத்தேன். கணவர் சிட்னியில் இருக்கிறார், அவர் யாரையாவது கேட்பார் என்றும் நினைத்தேன். ஒன்றும் தெரியாதவன் அப்படி நினைக்கலாம். கேட்கத் தெரியாதவர்கள்தான் அதிகம் என்று தெரிந்த நானும் அப்படி நினைத்தேன்.

மிச்ச நாள்களில் அவர் என்னிடம் ஒரு குறையும் வைக்கவில்லை. நான்தான் அவர் வராந்தாவுக்கு வரும் நேரம் பார்த்து நடக்கப் போனேன். புறப்படும் காலையில் அவர் வெள்ளைத் துணிச் சால்வை ஒன்றை என் கழுத்தில் போட்டார். அவர்கள் வழக்கம் அது. கடிதத்தின் கெடுவுக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. வாசலில் கார் நின்றது. சாரதி என் பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்தார். சொல்லியிருந்தால் ஒரு நிமிடம் போயிருக்கும். "குளியலறையைக் கவனியுங்கள், ஈரம் ஏறவிடாதீர்கள்" என்று சொல்லிவிட்டு ஏறினேன்.

விமான நிலையத்துக்கு வந்த மனைவி என்னைக் கண்டதும் "முகம் தெளிஞ்சிருக்கு" என்றார். அதைக் கேட்டதும் எனக்கு வெட்கமாகிவிட்டது. ஆனால் வாய் திறக்கவில்லை. வேலைக்குப் போய் ஒரு வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் சொன்னேன். மனைவி கடைசிவரை கேட்டார்.

"அந்தப் பிள்ளைக்கு நீங்கள் ஏன் சொல்லேல்லை?"

"களைச்சுப் போனன்."

"களைச்சது சரி. நானும் களைச்சுத்தான் வாறனான். அதுக்காக, மூச்சு இழுக்கிற ஆளைக் கண்டிட்டு நான் நேர்ஸ் இல்லை எண்டு சொல்லுவனே?"

நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

"இப்ப ஃபோன் எடுங்கோ" என்றார்.

எடுக்கவில்லை. கெடு எப்படியும் முடிந்துவிட்டது என்று சொன்னேன். இன்னும் இரண்டு வாரம் கடத்தினேன். மனைவி ஒவ்வொரு நாளும் கேட்டு, பிறகு கேட்பதை நிறுத்தினார். அவர் கேட்காமல் விட்ட பிறகுதான் விடுதியின் இலக்கத்தைத் தேடி எடுத்தேன்.

என் குரல் அவருக்கு உடனே தெரிந்தது. "டைல்ஸ் சார்" என்று சந்தோசமாகச் சொன்னார். விசா என்ன ஆயிற்று என்று கேட்டேன். மறுத்துவிட்டார்கள் என்றார். கடிதம் வந்து நாலு நாள். பொலிஸ் பேப்பர் அதற்கு முதல் நாள்தான் கைக்கு வந்ததாம்.

நான் யார், என்ன வேலை செய்கிறேன், அன்று அந்தத் தாளில் என்ன பார்த்தேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்படியென்றால் குளியலறை?" என்றார். "நீங்கள் சொன்னபடி முழுவதையும் கிளப்பிவிட்டோம்."

எங்கள் வீட்டில் டைல்ஸ் ஒட்டியவர் சொன்னதைத்தான் சொன்னேன் என்றேன்.

"சரி. இப்போது நான் என்ன செய்ய வேண்டும், சொல்லுங்கள்" என்றார். மன்னித்தேன் என்று சொல்லவும் இல்லை, ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்கவும் இல்லை. எழுதுகோல் தேடும் சத்தம் மட்டும் கேட்டது.

செய்ய இரண்டு வழிகள் இருந்தன: மேல்முறையீடு, இல்லையென்றால் புது விண்ணப்பம். இரண்டுமே நீளமானவை. அவர் கணவரை எங்கள் நிலையத்துக்கு வரச் சொன்னேன். மெலிந்த, மரியாதையான மனிதர். இரவு வேலை முடித்து நேராக வருவார், கண்கள் சிவந்திருக்கும். மனைவியின் விடுதியில் தங்கிய ஒருவர் தொலைபேசி எடுத்து உதவுகிறார் என்பது மட்டும்தான் அவருக்குத் தெரிந்திருந்தது. மிச்சத்தை அவர் மனைவி சொல்லியிருப்பார், தெரிந்தும் பெருந்தன்மையாக நடக்கிறார் என்று முதலில் நினைத்தேன். ஒருநாள் அவர் என் கையைப் பிடித்து, "நான் உங்களை முன்பே சந்தித்திருந்தால் அந்த முதல் விண்ணப்பம் தப்பியிருக்கும்" என்றபோதுதான் அவருக்கு ஒன்றும் தெரியாது என்று விளங்கியது. அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். அவருடைய கோப்பைத் திறந்து அடுத்த படிவத்தை எடுத்தேன்.

ஒன்றரை வருடத்துக்குப் பிறகு அவர் மனைவி வந்து சேர்ந்தார். ஒரு ஞாயிறு மத்தியானம் என்னையும் என் மனைவியையும் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள். வேறு நாலைந்து திபெத்தியர்களும் வந்திருந்தார்கள். கணவர் என்னைப் பக்கத்தில் நிறுத்தி அவர்களுக்கு அறிமுகம் செய்தார். விடுமுறையில் சந்தித்த ஒரு பெண்ணை மறக்காமல், தானாகத் தொலைபேசி எடுத்து உதவிய மனிதர் இவர் என்றார். எல்லாரும் எனக்குக் கைகூப்பினார்கள். ஒரு வயதானவர் எழுந்து தன் கதிரையைத் தந்தார். என் மனைவி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் தட்டைக் கழுவும் சாட்டில் குசினிக்குப் போனேன். விடுதி நடத்திய அந்தப் பெண் அங்கே தேநீர் வடித்துக்கொண்டிருந்தார்.

"இன்று உங்கள் கணவரிடம் எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன்" என்றேன்.

"வேண்டாம், சார்."

"அவர் என்னைப் பற்றித் தவறாக நினைத்துக்கொண்டிருக்கிறார்."

அவர் கேத்தலைக் கீழே வைத்தார். "இந்த ஊரில் அவர் நம்புகிற ஆள் அதிகம் இல்லை. நீங்கள் ஒருவர். நீங்கள் சொன்னால் உங்களுக்குப் பாரம் குறையும். அவருக்கு ஒரு ஆள் குறையும். எனக்கு வேண்டாம்."

கடுமையாகச் சொல்லவில்லை. அறை வாடகை சொல்வது போலத்தான் சொன்னார். பிறகு குவளைகளைத் தட்டில் அடுக்கி என் கையில் தந்தார். நான் கொண்டுபோய் எல்லாருக்கும் கொடுத்தேன்.

ரயிலில் திரும்பி வரும்போது மனைவி கேட்டார்.

"சொன்னனீங்களே?"

"இல்லை. சொல்ல வேண்டாமெண்டு சொல்லிப்போட்டா."

"அவ கெட்டிக்காரி" என்றுவிட்டு மனைவி வெளியே பார்க்கத் தொடங்கினார். அதற்குப் பிறகு நாங்கள் இதைப் பற்றிப் பேசியதில்லை.

ஒவ்வொரு வருடமும் திபெத்தியப் புத்தாண்டுக்கு அந்தக் கணவரிடமிருந்து வாழ்த்துச் செய்தி வரும். இந்த வருடம், எங்கள் குடும்பம் சேர்ந்திருப்பது உங்களால்தான் என்று எழுதியிருந்தார். ஒரு நீண்ட பதில் எழுதி, ஒவ்வொரு வரியாக அழித்தேன். கடைசியில் வாழ்த்துக்கு வாழ்த்து மட்டும் அனுப்பினேன். அவர் உடனே ஒரு படம் அனுப்பினார். இருவரும் ஏதோ ஒரு கடற்கரையில், காற்றில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறார்கள். நாலு வருடத்தோடு முடிந்திருக்க வேண்டிய பிரிவு ஐந்தரை வருடத்துக்கு மேல் நீண்டதில் என் பங்கு எவ்வளவு என்று அவருக்குத் தெரியாது. படத்தில் அவர் மனைவி நேராகப் பார்க்கிறார். நான் அந்தப் படத்தை அழிக்கவும் இல்லை, அதிகம் பார்ப்பதும் இல்லை.