கீழ் அடுக்கில் ஒரு எஞ்சின்

மல்காஜ்கிரி ஸ்டேஷனில் ஒரு மாலை, பக்கத்தில் உட்கார்ந்திருந்த வழுக்கைத் தலைக்காரர் டிபன் கேரியரைத் திறந்தார். மேல் அடுக்கில் தயிர்சாதம். கீழ் அடுக்கில், பஞ்சுக்குள், அவரே செய்த விரல் நீள ஷன்டிங் எஞ்சின்.

எதிரே பெட்டிகளைத் தள்ளிக்கொண்டிருந்த நிஜ எஞ்சினுக்கு நேராக அதைத் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடினார். முகம் மாறியது.

"டிரைவர் ஏறுற படி என்னுதுல மூணு. அதுல நாலு இருக்கு சார்."

"அடடா, செஞ்சதெல்லாம் வீணா?"

"வீணா? கைக்கு இன்னொரு வேலை கிடைச்சிருக்கு!" சிரித்தார். "நான் அளவெடுத்த எஞ்சின்ல மூணுதான். அப்ப இது வேற வகை. இன்னொண்ணு செய்யலாம்."

அந்தச் சந்தோஷத்தில் எங்கள் ரயிலையே விட்டுவிட்டோம்.

இப்போதெல்லாம் ஷன்டிங் எஞ்சினைக் கண்டால் படிகளைத்தான் முதலில் எண்ணுகிறேன். நேற்று ஐந்து படி உள்ள ஒன்றைப் பார்த்தேன். அன்று அவர் பேரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. யாரிடம் போய்ச் சொல்ல?