ஏகாம்பரம் என்ற பெயரில் எழுதிய வளர்மதி

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, சாப்பாட்டு மணி அடித்து உற்பத்தி லைனை விட்டு வெளியே வந்தபோது கைபேசியில் ஒரு செய்தி காத்திருந்தது. அனுப்பியவர் நம் இணைய மன்றத்தில் 'கிங் கோப்ரா' என்ற பெயரில் ஆடிய குன்றத்தூர் நண்பர். மூன்று வருடங்களாக எங்களுக்குள் பேச்சில்லை. "ஏகாம்பரம் போய்ட்டாங்க. ஒரு வாரமா காய்ச்சலாம். நேத்தே எடுத்துட்டாங்க" என்று எழுதியிருந்தார். கேண்டீன் வரிசையில் தட்டோடு நின்றிருந்தேன். பின்னால் நின்றவர் தோளைத் தட்டும் வரை நகரவில்லை.

நம் 'இரும்புக்கள'த்தில் இருந்தவர்கள் இன்று எங்கெங்கோ போய்விட்டீர்கள். இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். ஆனால் வளர்மதியை அறியாதவர்களும் படிக்கக்கூடும் என்பதால் நாம் என்ன செய்துகொண்டிருந்தோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் வேலை பார்த்த முப்பது நாற்பது பேர் இணையத்தில் ஒரு மல்யுத்தக் களம் நடத்தினோம். யாரும் யாரையும் தொட்டதில்லை. ஆளுக்கொரு மல்லனைக் கற்பனையாக உருவாக்கி, மோதலுக்கு முன் அவன் பேசுவதையும் செய்வதையும் அவனாகவே இருந்து எழுதவேண்டும். யார் நன்றாக எழுதினாரோ அவருடைய மல்லன் ஜெயிப்பான். மோதலை வர்ணித்து எழுதி முடிவை அறிவிப்பது நடத்துபவர் வேலை. அவரைக் 'கமிஷனர்' என்போம். நான்தான் அந்தக் கமிஷனர். சாத்தூரிலிருந்து வந்து, படப்பையில் ஐந்து பேரோடு ஓர் அறையில் தங்கி, பிரேக் பாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலை செய்துகொண்டிருந்த எனக்கு, இந்தப் பக்கத்தில் எவராவது மரியாதையாகக் கூப்பிட்ட ஒரே பெயர் அதுதான்.

நம் மல்லர்களை நினைத்துப் பாருங்கள். டார்க் டெவில், தண்டர் பாஸ், கிங் கோப்ரா. எல்லோருக்கும் இருபத்தைந்து வயது, ஆறரை அடி உயரம், அப்பாவைக் கொன்றவனைத் தேடும் கோபம். அவர்களுக்கு நடுவே ஒருநாள் ஏகாம்பரம் வந்து சேர்ந்தார். வயது ஐம்பத்திரண்டு. இடது முட்டி சரியில்லை. மேடை ஏறுமுன் விளக்கெண்ணெய் தேய்த்துக்கொண்டு, எதிராளி சாப்பிட்டானா என்று விசாரிப்பார். நாமெல்லாம் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டிக்கொண்டிருந்த காலத்தில் அவர் பதிவுகள் மட்டும் தமிழ் எழுத்தில் வந்தன. முதலில் சிரித்தோம். மூன்றாவது வாரத்திலிருந்து, அவர் பதிவு வந்துவிட்டதா என்று பார்க்கத்தான் மன்றத்துக்குள் வந்தோம்.

2012இல் பதினாறு பேர் கோப்பைப் போட்டியை அறிவித்தேன். அட்டவணை போடுவதற்குள் எனக்குக் கண்ணைக் கட்டிவிட்டது. ஒருவருக்குக் காலை ஏ ஷிப்ட், ஒருவருக்கு இரவு சி ஷிப்ட், எல்லோருக்கும் ஒரே கெடு வைத்தால் பாதிப்பேரால் எழுத முடியாது. யாராவது உதவ முடியுமா, ஞாயிறு காலையில் படப்பை பிரவுசிங் சென்டரில் இருப்பேன் என்று மன்றத்தில் எழுதினேன். மறு ஞாயிறு காலை, படப்பையில் நான் வழக்கமாக உட்காரும் பிரவுசிங் சென்டருக்கு ஒரு பெண் வந்தார். முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும். லேசாகக் காலைச் சாய்த்து நடந்து வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நீங்கதான் கமிஷனரா? நான்தான் ஏகாம்பரம்."

பெயர் வளர்மதி என்றார். ஒரகடத்துக்குப் பின்னால் உள்ள ஊர் அவருடையது. குடும்ப நிலம் தொழிற்பேட்டைக்குப் போய்விட்டது. கல்யாணம் ஆன ஒரே வருடத்தில் அண்ணன் வீட்டுக்குத் திரும்பியிருந்தார். கைபேசி பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் எட்டு மணி நேரம் நின்றுகொண்டே கண்ணாடியில் கீறல் இருக்கிறதா என்று பார்ப்பது வேலை. ஏகாம்பரத்தின் முட்டி எங்கிருந்து வந்தது என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

பதினாறு பேரின் ஷிப்ட்டையும் வாங்கி, அரை மணி நேரத்தில் அவர் அட்டவணை போட்டுக் கொடுத்தார். ஒரே ஷிப்ட்காரர்களை ஒருவரோடொருவர் மோதவிட்டு, கெடுவை அவர்கள் ஷிப்ட்டுக்கு ஏற்ப வைத்தார். அவ்வளவுதான், சிக்கல் தீர்ந்தது. எழுந்து போகும்போது ஒன்றே ஒன்று கேட்டார்.

"நான் யாருன்னு சொல்லிடாத தம்பி. பொம்பளன்னு தெரிஞ்சா ஏகாம்பரத்த ஒருத்தனும் நேரா அடிக்க மாட்டான். பாவம்னு தோத்துப் போவானுங்க, இல்லாங்காட்டி வேற மாதிரி பேசுவானுங்க. ரெண்டும் எனக்கு வாணாம்."

சொல்லமாட்டேன் என்றேன். சத்தியம்கூடச் செய்தேன். அவர் கேட்கவில்லை, நானாகத்தான் செய்தேன்.

அதன் பிறகு ஏழு வாரம் அந்தப் போட்டியை நாங்கள் இருவரும்தான் நடத்தினோம். அவர் ஆடிய மோதல்களுக்கு மட்டும் தீர்ப்புச் சொல்ல வேறு இருவரை வைத்தோம். மற்றவற்றில் நான் முடிவை எழுதி அனுப்பினால் திருத்தித் தருவார். ஒருமுறை, தோற்ற மல்லனைப் பற்றி நான் ஒரே வரியில் முடித்திருந்தேன். அவர் சம்மதிக்கவில்லை. "அடிக்கிறத யார் வேணா எழுதிடலாம் தம்பி. வுழுந்தவன் எப்டி வுழுந்தான்னு எழுது. அவனும் ஒரு வாரம் குந்திகினு எழுதினவன்தானே" என்றார். உங்களில் பலர், தோற்றபோதும் உங்களைப் பற்றி நாலு நல்ல வரி வந்தது என்று என்னைப் பாராட்டியிருக்கிறீர்கள். அந்த வரிகள் அவருடையவை. பாராட்டை நான் வாங்கி வைத்துக்கொண்டேன்.

இனி சொல்லவேண்டியது கஷ்டமானது.

ஏகாம்பரம் இறுதிப் போட்டிக்கு வந்தார். எதிரில் கிங் கோப்ரா. அந்த வாரத் திங்கட்கிழமை கிங் கோப்ரா மன்றத்தில் ஒரு கேள்வி எழுப்பினார். ஏகாம்பரத்தை யாராவது பார்த்திருக்கிறீர்களா? போன் நம்பர் யாரிடமாவது உண்டா? கமிஷனரே கள்ளப் பெயரில் எழுதி, கமிஷனரே ஆள் வைத்து ஜெயிக்க வைக்கிறார் என்றார். நீங்கள் மறந்திருக்கலாம், ஆறு பேர் அதை ஆமோதித்தீர்கள். இரண்டு பேர் விலகுவதாக எழுதினார்கள். ஒருவர் என்னைத் திருடன் என்றார்.

செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு இடைவேளை, மணி பதினொன்றரை. வளர்மதி அக்காவுக்கு அந்த வாரம் காலை ஷிப்ட். அவர்கள் கம்பெனியில் போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். இரண்டு மணிக்கு வெளியே வந்துவிடுவார். இது எனக்குத் தெரியும். இரண்டரை மணி நேரம் என்னால் பொறுக்க முடியவில்லை. கேண்டீனுக்கு வெளியே நின்று கைபேசியிலேயே மன்றத்தில் நாலு வரி எழுதினேன். ஏகாம்பரம் கள்ளப் பெயர் இல்லை, அவர் ஒரு பெண், பெயர் வளர்மதி, இன்ன கம்பெனியில் வேலை செய்கிறார், சந்தேகம் இருந்தால் போய்க் கேட்டுக்கொள்ளுங்கள். எழுதி அனுப்பியதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அன்று சாம்பார்கூட ருசியாக இருந்தது.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். சிலர் வாழ்த்தினீர்கள். சிலர் எழுதியதை இங்கே திரும்ப எழுத முடியாது. வியாழக்கிழமை நம்மில் இருவர், 'போய்க் கேட்டுக்கொள்ளுங்கள்' என்று நான் எழுதியதை அப்படியே எடுத்துக்கொண்டு, அவருடைய கம்பெனி பஸ் நிற்கும் இடத்துக்குப் போனார்கள். அவர் துப்பட்டாவால் முகத்தை மறைப்பதற்குள் படம் எடுத்து மன்றத்தில் போட்டார்கள். அதை யாரோ அவர் ஊர்ப் பையன்களுக்குக் காட்டி, அவர்கள் அவர் அண்ணனுக்குக் காட்டினார்கள். ஆம்பளை பேரில் ஆம்பளைகளோடு என்ன பேச்சு என்று வீட்டில் பெரிய ரகளை. ஞாயிறு மாலை ஆறு மணிக் கெடு முடிந்தபோது ஏகாம்பரத்தின் பதிவு வரவில்லை. விதிப்படி கிங் கோப்ரா வென்றார் என்று அறிவித்தேன். அறிவிப்பில் விதி எண்ணையும் போட்டேன்.

பத்து நாள் கழித்து, ஷேர் ஆட்டோ நிற்குமிடத்தில் அவரைப் பார்த்தேன். கோபமாக இருப்பார் என்று நினைத்தேன். களைப்பாக இருந்தார்.

"ரெண்டு மணிக்கு ஷிப்ட் முடியுதுன்னு உனக்குத் தெரியும்ல" என்றார். "கேட்டிருந்தா நானே வந்து சொல்லியிருப்பேன் தம்பி. உனுக்காகச் சொல்லியிருப்பேன்."

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அடுத்த போட்டியில் பார்த்துக்கொள்ளலாம் அக்கா என்றேன். அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, வந்த ஆட்டோவில் ஏறிக்கொண்டார். அடுத்த போட்டி நடக்கவே இல்லை. அந்த வருடம் முடிவதற்குள் களமே ஓய்ந்துவிட்டது.

செய்தி வந்த அன்று மாலை கிங் கோப்ராவைக் கூப்பிட்டேன். அவர் சொன்னது எனக்குத் தெரியாதது. போட்டி முடிந்த இரண்டாம் மாதமே அவர் வளர்மதியைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டிருக்கிறார். அக்கா அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து, இறுதிப் போட்டியில் ஏகாம்பரத்தை எப்படி அடிப்பதாக இருந்தாய் என்று விசாரித்தாராம். அதற்குப் பிறகும் பண்டிகைக்குப் பண்டிகை பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள். "படம் எடுத்த பசங்களும் வந்து கேட்டாங்க. நீங்க கேக்கலயா?" என்றார். குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. கேட்டிருப்பேன் என்றே நம்பியிருந்தார்.

காரியத்துக்கு மறுநாள் வளர்மதி அக்கா வீட்டுக்குப் போனேன். அண்ணன் வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். இப்போது அவரும் ஒரு கம்பெனியில் செக்யூரிட்டி. நான் யார், என்ன செய்தேன் என்று சொன்னேன்.

"நானும்தான் கத்தினேன்" என்றார் அண்ணன். "அது இன்னாதான் எழுதினு இருந்துச்சு? நான் ஒண்ணு கூடப் படிச்சதில்ல."

கைபேசியில் மன்றத்தைத் திறந்து, ஏகாம்பரம் கால் இறுதிக்கு முன் எழுதியதைப் படித்துக் காட்டினேன். 'போன வாரம் ஒரு பையன் என்னைத் தலைக்கு மேல் தூக்கிப் போட்டான். விழுந்த இடத்திலேயே கொஞ்ச நேரம் படுத்திருந்தேன். வலியால் இல்லை. இத்தனை வருடத்தில் என்னை யாரும் கொஞ்சம் படு என்று சொன்னதில்லை.' அண்ணன் முதல் வரிக்குச் சிரித்தார். அவர் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். மிச்சத்தையும் படி என்றார் அண்ணன். அக்கா மன்றத்தில் எழுதியிருந்த எட்டுப் பதிவையும் படித்தேன். அக்காவின் பெயரைப் போட்டு எழுதலாமா என்று புறப்படும்போது கேட்டேன். "போட்டே எழுது" என்றார். அனுமதி கிடைத்தது. தரவேண்டியவர் தந்ததில்லை அது.

அந்தப் புகைப்படம் மூன்று வருடமாக நம் மன்றத்தில் கிடந்தது. அன்றே அழித்தேன். உங்களில் யாரிடமாவது இருந்தால் தயவுசெய்து அழித்துவிடுங்கள். கமிஷனராக நான் கேட்கும் கடைசி விஷயம் இது.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது ஒன்றுதான். சென்ற ஆண்டு ஒரு காலை, ஒரகடம் சந்திப்பில் எங்கள் கம்பெனி பஸ் சிக்னலுக்கு நின்றது. வெளியே, சாப்பாட்டுப் பையோடு வளர்மதி அக்கா தன் பஸ்ஸுக்காக நின்றிருந்தார். ஜன்னலோரம் இருந்த என்னை அவர் பார்த்துவிட்டார். நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாமா என்று யோசித்த அந்த நொடியில், அவர் விரல்களைக் குவித்து வாயருகே கொண்டுபோய், சாப்பிட்டாயா என்று சைகையில் கேட்டார். சாப்பிட்டேன் என்று தலையாட்டினேன். உண்மையில் சாப்பிட்டிருக்கவில்லை. இறங்கியிருக்கலாம், கதவு திறந்துதான் இருந்தது. சிக்னல் விழுந்து பஸ் கிளம்பும் வரை அவர் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார்.